கேப்டனுக்காக உயர்ந்த கூரை

ஹோல்ம்பரி, சஃபோக்
18 மார்ச் 1934

மாவுக்கட்டுக்குள் மாட்டிக்கொண்ட என் அண்ணன் லயனலுக்கு,

உன் தங்கை ஹெஸ்டர் வணங்கி எழுதுவது. வணங்குவது பொய், எழுதுவது மெய். நானும் அம்மாவும் சுகம். நம் படகுத் தச்சர் வில்ஃபும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். இந்த வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதால் உறுதி சொல்ல முடியாது. உன் வலது கால், இடது கால் இரண்டின் சுகத்தையும் தனித்தனியே எழுது.

எஞ்சின் ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை வாங்க ஸ்காட்லாந்து வரை மோட்டார் சைக்கிளில் போனவன்தான் வந்து சேரவில்லை. குறுக்கே வந்த ஒரு ஆடு உன் ஆட்டத்தை நிறுத்திவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தபால்காரர் தினமும் விசாரிக்கிறார், "ஆட்டுக்கு அடி பலமாம்மா?" என்று. உன்னைப் பற்றிக் கேட்பதில்லை.

படகுக் கொட்டகையில் வேலை நிற்கவில்லை. நீ மூன்று வருஷமாக வரைந்து, இழைத்து, ஒட்டின 'டன்லின்' விமானம் இப்போது அதே பெயருள்ள கரைப்பறவை மாதிரியே இருக்கிறது. என்ன, இன்னும் தோல் போர்த்தவில்லை. வில்ஃப் மரம் இழைக்கிறார், அம்மா இறக்கைக்குத் துணி தைக்கிறார். வீடு முழுக்கப் பசை வாடை. நம்முடையது பசையுள்ள வீடு என்று ஊரார் நினைத்துவிடப் போகிறார்கள்.

ஆகஸ்ட் விமானப் பந்தயத்தில் யார் ஓட்டுவது என்ற கவலை வேண்டாம். நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கேப்டன் ஃபேன்ஷா போரில் விமானம் ஓட்டினவர். "உங்க மகன் எழுந்து வர்ற வரைக்கும் நான் ஓட்டறேன் மேடம்" என்று தானே அம்மாவிடம் சொன்னார். மனசு ரொம்பப் பெரிசு அவருக்கு.

நீ கற்றுக்கொடுத்து நான் போன வருஷம் வாங்கின விமான ஓட்டுரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஞாயிறுதோறும் கிளப்பின் கிழட்டு விமானத்தில் ஒரு சுற்று. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி. நர்ஸ்களுக்கு என் அனுதாபம்.

வாலு ஹெஸ்டர்


இன்வெர்னஸ் மருத்துவமனை
2 ஏப்ரல்

அன்பு வாலுக்கு,

அண்ணன் லயனல், படுத்தபடி. வலது கால் சுகம். இடது காலுக்கு மேலே ஒரு கப்பி, கயிறு, மணல் மூட்டை. கொடி ஏற்றத் தயாராக இருக்கிறது. அம்மாவுக்கு முதுகு வலி தேவலையா? வில்ஃப் பேசிவிட்டால் எழுது.

ஒரே ஒரு விஷயம். டன்லினின் உடம்பு மூக்கிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் போகிற கோடு. அதில் எதுவும் துருத்தக் கூடாது. விமானியின் தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை முதுகோடு முதுகாகப் படிந்திருக்க வேண்டும். அதனால்தான் விமானி உட்காரும் குழியை என் அளவுக்கே வெட்டினேன். நம் குடும்பத்தில் எல்லாரும் குட்டையாகப் பிறந்ததற்கு இப்போதுதான் ஒரு பயன்.

போட்டிக் கமிட்டிக்கு வேகம் எழுதி அனுப்பிவிட்டேன். மணிக்கு நூற்றெழுபது மைல். இவ்வளவு சின்ன எஞ்சினில் யாரும் அதைத் தொட்டதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. நான் மோட்டார் சைக்கிளைக் கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவன் என்று நிரூபணமாகிவிட்டது. எனக்கு மிச்சமிருப்பது அந்த எண் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்.

கேப்டனுக்கு என் நன்றி. அம்மாவுக்கு முத்தம். உனக்கு ஒரு குட்டு, கடனாக.

லயனல்


ஹோல்ம்பரி
29 ஏப்ரல்

அந்தரத்தில் கால் தொங்கும் அண்ணாவுக்கு,

இங்கே எல்லார் கால்களும் தரையில், சுகம். அம்மாவின் முதுகும் சுகம். வில்ஃப் செவ்வாய்க்கிழமை பேசினார். "மழை" என்றார். மழை வந்தது.

கிளப்பில் உன் எண் பெரிய ரகளை. போட்டியின் நேரக் கணக்கர் கர்னல் மல்லபியைத் தெரியுமல்லவா? மீசைக்குப் பின்னால் வசிப்பவர். உன் விண்ணப்பத்தை எல்லார் முன்னாலும் படித்தார்.

"நூத்தி எழுபதா? இந்தத் தையல் மிஷின் எஞ்சினை வெச்சுக்கிட்டா?"

"எங்கண்ணன் கணக்குப் போட்டிருக்கான் கர்னல்."

"ஓடிச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேம்மா."

கிளப்பே சிரித்தது. நான் விடவில்லை. "நம்பலைன்னா குறைச்சுப் போட்டுக்கங்களேன்."

"அதெப்படி? ஒரு கனவான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். நான் நம்பாதது என் சொந்த விஷயம். அவர் வார்த்தையை மாத்தறது அசிங்கம்."

ஆக, வழக்கம்போல மெதுவாகப் போகிற விமானங்களை முதலில் கிளப்பி, வேகமானதைக் கடைசியில் கிளப்புவார்கள் அல்லவா? அந்தக் கடைசி இடம் நமக்கு. மற்றவர்களெல்லாம் பாதிக் கடற்கரையைக் கடந்த பிறகுதான் நாம் நகரலாம். நீ சொன்ன வேகம் வந்தால்தான் அவர்களை எட்டிப் பிடிக்க முடியும். கொஞ்சம் குறைந்தாலும் கடைசியில் கிளம்பிக் கடைசியில் வந்தவர்கள் என்ற பெருமை நமக்கே.

கேப்டன் வந்து டன்லினில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தார் என்பது உண்மை. அதற்கு மேல் அம்மா தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மணல் மூட்டையிடம் விசாரித்ததாகச் சொல்.

ஹெஸ்டர்


இன்வெர்னஸ்
6 மே

அன்பு வாலுக்கு,

இரண்டு காலும் நலம் விசாரித்தன. அம்மாவின் மார்மலேட் ஜாம் வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் பாதியைத் தின்றார். நல்ல மனிதர், மீதியைக் கொடுக்கவில்லை என்று இப்போது பேசுவதில்லை.

மீசை விஷயம் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்ததில் கப்பி கழன்றுவிட்டது. எப்போது பறக்கவிடுகிறீர்கள்? கலங்கரை விளக்கத்திலிருந்து தேவாலயக் கோபுரம் வரை தூரம் நமக்குத் தெரியும். கடிகாரத்தை வைத்து நேரம் எடு. எண்ணை மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

லயனல்


ஹோல்ம்பரி
10 ஜூன்

நலம் நலமறிய ஆவல் என்று எல்லாரையும் போல எழுத எனக்கும் தெரியும் என்பதைக் காட்ட எழுதுகிறேன், அண்ணா. நலம். ஆவல்.

டன்லின் பறந்துவிட்டது. அப்படியே சேற்றுவெளி மேல் எழும்பி, படகுகளின் பாய்மரம் தாண்டி, வெயிலில் ஒரு சுற்று. அம்மா அழுதார். வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு உச்சியில் முடியில்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பாதிரியாரின் பூனை ஓடிப்போய் இன்னும் திரும்பவில்லை. நிறம் அம்மா தேர்ந்தெடுத்தது, வெண்ணெய் வெள்ளை. வாலில் உன் பெயரின் முதலெழுத்து. இறங்கியபோது ஒரு துள்ளல்கூட இல்லை. கேப்டன் கைதேர்ந்தவர். எல்லாரும் புகைபோட்ட மீன் சாப்பிட்டோம்.

இத்துடன் ஒரு புகைப்படம். சுவரில் மாட்டிக்கொள்.

காலை ஆட்டாதே. மற்றதை ஆட்டலாம்.

ஹெஸ்டர்


இன்வெர்னஸ்
15 ஜூன்

ஹெஸ்டர்,

நான் நலம். நலம் விசாரிப்பு முடிந்தது.

பூனையின் போக்கிடம் தெரிகிறது. வில்ஃபின் வழுக்கை தெரிகிறது. எண்ணைக் காணோம்.

புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விமானத்தின் மூக்கு தெரிகிறது, வால் தெரிகிறது. நடுவில் அம்மா நிற்கிறார், கையில் தேநீர்க் கெண்டியோடு. கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள் ஓடுகிற அம்மாவை, விமானியின் குழி சரியாக மறைகிற இடத்தில் யார் பிடித்து நிறுத்தினது? அம்மாவின் தொப்பிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒன்று மின்னுகிறதே, அது என்ன?

அந்தக் கேப்டன் எவ்வளவு உயரம்?

லயனல்


ஹோல்ம்பரி
24 ஜூன்

மருத்துவமனையிலிருந்தே மூக்கால் மோப்பம் பிடிக்கும் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதம் முடிகிறபோது நீயும் சுகமாக இருப்பாய், பொறுமையாகப் படி.

கேப்டன் ஆறடி நான்கு அங்குலம். ஏப்ரலில் குழிக்குள் உட்கார்ந்ததும் கூரை மூடவில்லை. தலை வெளியே, முட்டை அடைகாக்கும் கோழி மாதிரி. நாங்கள் மூவரும் வானத்தைப் பார்த்தோம். கேப்டனும் வானத்தைப் பார்த்தார். "நல்ல வெயில்" என்றார். "ஆமா" என்றார் அம்மா. அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லிடலாம்மா."

"என்னன்னு? நீங்க நெட்டைன்னா? தானா வந்து உதவி பண்ற மனுஷன்கிட்டயா? நான் மாட்டேன். நீ சொன்னே, உனக்கு சாப்பாடு கிடையாது."

வில்ஃப் போய்ப் புதிதாக ஒரு கூரை செய்தார். ஒட்டகத் திமில் மாதிரி உயரமாக. எண் நூற்று ஐம்பத்தைந்து. நானே எடுத்தேன், நான்கு தடவை. அதை எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. அம்மா 'சொல்லாதே' என்றுதானே சொன்னார்? வெள்ளிக்கிழமைத் தேநீருக்குக் கேப்டன் வருமுன் நாற்காலிகளையெல்லாம் ஒளித்துவிட்டு, அவருடைய இடத்தில் நாம் சின்ன வயதில் உட்கார்ந்த குட்டி நாற்காலியைப் போட்டேன். வந்தார். பார்த்தார். மரியாதைக்காரர் அல்லவா, அதிலேயே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். அம்மா முகம் பீட்ரூட்.

கேப்டன் ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "இதுல உக்காந்தா எனக்கு அந்த விமானம் ஞாபகம் வருது" என்றார்.

"விமானத்துல உக்காந்தா எது ஞாபகம் வரும் கேப்டன்?"

"சவப்பெட்டி."

அம்மா கோப்பையை விட்டுவிட்டுத் தேநீரைச் சாஸரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள குனிஞ்சு உக்காந்து உக்காந்து ரெண்டு மாசமா கழுத்து திரும்பல மேடம். சர்ச்சுல எல்லாரும் இந்தப் பக்கம் பாத்தா நான் அந்தப் பக்கம் பாத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்காக இவ்வளவு சிரமப்பட்டு கூரையை உசத்தினீங்க. அதுக்கப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?"

ஆக, அவர் மனசு நோகும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மனசு நோகும் என்று அவர் சொல்லவில்லை. நடுவில் உன் பதினைந்து மைல் நொந்துபோனது.

இப்போது அவர் உட்கார ஒரு பெரிய நாற்காலியும், அழ ஒரு தோளும் கிடைத்தன. அழுதது அம்மாதான்.

பழைய கூரையை என்ன செய்தீர் என்று வில்ஃபைக் கேட்டேன். கொட்டகை உத்தரத்தைக் காட்டினார். துணி சுற்றி, எண்ணெய் தடவி மேலே வைத்திருக்கிறார். "தெரியும்" என்றார், திரும்பத் தேவைப்படும் என்பதை. இந்த மாதத்துக்கு அவ்வளவுதான்.

கூரை திரும்ப வந்துவிட்டது. விமானிதான் இல்லை. உன் அளவுக்கு ஆள் வேண்டும். நீ எழுந்து வந்துவிடுவாயா?

வாலைச் சுருட்டிக்கொண்டு,
ஹெஸ்டர்


ஹோல்ம்பரி
14 ஜூலை

அன்புள்ள அண்ணா,

அம்மா சுகம். நான் சுகம். உன் சுகம் தெரியவில்லை.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபமென்றால் திட்டி எழுது. உன் திட்டு இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது ஸ்கோனைச் சொல்கிறேன், முதல் இரண்டும் இறங்குகின்றன.

விமானியின் பெயரை மாதக் கடைசிக்குள் கர்னலிடம் கொடுக்க வேண்டும். கேப்டன் மூன்று பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் தோள் மாட்டியது. ஒருவர் உட்கார்ந்தார், வெளியே எடுக்க வெண்ணெய் தேவைப்பட்டது. மூன்றாமவர் எஞ்சினைப் பார்த்துச் சிரித்தார், அவரைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கேப்டன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஹெஸ்டர், உனக்கு வாய் மட்டுந்தான் பெருசு, இல்ல?" நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது உன் விமானம், அண்ணா. உனக்காக வெட்டின குழி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருந்தாலும் ஒரு வரி எழுது.

ஹெஸ்டர்


இன்வெர்னஸ்
20 ஜூலை

அன்பு வாலுக்கு,

கோபமில்லை. டாக்டரோடு கொஞ்சம் பேச்சு இருந்தது. கட்டு பிரித்துவிட்டார்கள். சுகம் என்றே வைத்துக்கொள். கேப்டன் கழுத்துக்கு என் வருத்தம்.

வில்ஃபிடம் சொல். குழிக்குள் கால் மிதிகளை இரண்டு அங்குலம் பின்னால், இருக்கையை நோக்கித் தள்ளி வைக்க வேண்டும். என் பேண்ட்டைத் திருடிப் போட்டுக்கொண்டு திரிகிறாயே, கீழே இரண்டு அங்குலம் மடித்துத்தானே போடுகிறாய்? அந்த இரண்டு அங்குலம்.

தற்காலிகமாக வேண்டாம். ஆணி அடித்து நிரந்தரமாகவே வைக்கச் சொல். திரும்ப மாற்ற வேண்டியிருக்காது.

திருப்பங்களில் மூக்கைத் தூக்கினால் குட்டு விழும்.

லயனல்


ஹோல்ம்பரி
5 ஆகஸ்ட்

என் அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நான் சுகத்துக்கும் மேலே எங்கோ இருக்கிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், மன்னித்துவிடு.

முதலில் ஒன்று. உன் போன கடிதத்தை உரக்கப் படித்தேன். 'நிரந்தரமாக' என்ற இடம் வந்ததும் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். வில்ஃப் ஆணியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

இப்போது பந்தயம்.

எல்லா விமானங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. திடலில் நானும் டன்லினும் மட்டும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி. கர்னல் கொடியோடு நின்றார். மீசைக்கு மெழுகு போட்டிருந்தார். கேப்டன்தான் மூக்கிலிருக்கும் விசிறியைச் சுழற்றிவிட்டார், கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. கூரையை மூடுமுன் குனிந்து சொன்னார், "பயமா இருந்தா பாட்டு பாடு. எஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. நான் போர்ல அப்படித்தான்."

கூரை என் தலைமுடியைத் தொட்டு மூடியது. தொட்டது, அவ்வளவுதான். அழுத்தவில்லை. மிதி சரியாகப் பாதத்துக்கு வந்தது. சட்டையைப் போட்டுக்கொள்வது மாதிரி விமானத்தைப் போட்டுக்கொண்டேன்.

கொடி விழுந்தது. பாடினேன். அண்ணா, அது ஓடுவதில்லை, நழுவுகிறது. கலங்கரை விளக்கத்தில் முதல் திருப்பம், மூக்கைத் தூக்கவில்லை. தேவாலயக் கோபுரத்தின் மேல் பாதிரியார் கைக்குட்டை ஆட்டினார், பூனை வந்துவிட்டதாம். அதன் பிறகு எதிரே புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தார்கள். நீலம் ஒன்று. அதன் விமானி திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார், ஈ புகுந்திருக்கும். பிறகு வெள்ளி நிறத்தில் இரண்டு. பிறகு எண்ணவில்லை. கடைசிச் சுற்றில் முன்னே இருந்தது சிவப்பு ஒன்றுதான், மது ஆலைக்காரர் மகன். அவர் உயரத்தில் போனார். நான் சேற்றுவெளி மேல் நாணலைச் சீவிக்கொண்டு போனேன். அவர் நிழல் தரையில் எனக்கு முன்னால் ஓடியது. பிறகு பக்கத்தில் ஓடியது. பிறகு அதைக் காணோம்.

கோட்டைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எல்லாருடைய தொப்பியும் மேலே போனதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வில்ஃபின் தொப்பியும்.

கர்னல் தன் கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரின் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். காகிதத்தில் கணக்குப் போட்டார், மறுபடியும் போட்டார்.

"கர்னல், எவ்வளவு?" என்றேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "மேடம், கத்தரிக்கோல் இருக்குமா?"

இறக்கைத் துணி வெட்டின கத்தரிக்கோல் அம்மாவின் கைப்பையில் இருந்தது. அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் எடுத்து நீட்டினார். அவருடைய மரியாதையெல்லாம் கேப்டனோடு தீர்ந்துவிட்டது போல. கர்னல் அங்கேயே, கோப்பை மேஜைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு வெட்டு. பாவம், மீசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் இருந்திருக்கிறான்.

இடதுபக்க மீசையை இத்துடன் வைத்திருக்கிறேன். வலதுபக்கத்தைக் கிளப்பில் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் கணக்கு தப்பு, அண்ணா. நீ எழுதினது நூற்றெழுபது. வந்தது நூற்றெழுபத்திரண்டு.

ஊரின் தலையில் ஏறி நிற்கும்,
ஹெஸ்டர்


இன்வெர்னஸ்
11 ஆகஸ்ட்

டன்லினின் விமானிக்கு,

சுகம். நிஜமாகவே சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும், கேப்டன் கழுத்தின் சுகத்தையும், கர்னலின் மேலுதட்டுச் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல்.

மீசை வந்தது. உறையைப் பிரித்த நர்ஸ் எலி என்று நினைத்து என் கட்டில் மேல் ஏறினாள். உன் கடிதத்தை நான் படிக்க, வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று மாதம் கழித்து என்னோடு பேசினார். "மறுபடி படிப்பா" என்றார். ஐந்து தடவை படித்தாகிவிட்டது. சிவப்பு விமானத்தின் நிழல் காணாமல் போகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கைதட்டுகிறார்கள்.

இரண்டு மைல் வித்தியாசத்தை யோசித்தேன். கணக்கில் பிழை இல்லை. தலைக்குள் எடையே இல்லாத விமானிக்கு நான் கணக்குப் போடவில்லை.

இடது முழங்கால் இனி மடங்காது. ஜூன் கடைசியில் சொன்னார்கள். எழுத மூன்று வாரம் உட்கார்ந்தேன். கடைசியில் மிதியைப் பற்றித்தான் எழுத வந்தது. நீ புரிந்துகொண்டு கேட்காமல் விட்டாயே, அதற்கு அந்தப் பழைய குட்டுக் கடனைத் தள்ளுபடி செய்கிறேன்.

டன்லின் மாதிரி இன்னொன்று செய்யப் போவதில்லை. உலகத்தில் அது ஒன்று போதும். இங்கே கஞ்சிக் கிண்ணத்தை ஓரம் தள்ளிவிட்டு வேறொன்று வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு இருக்கை. முன்னால் நீ. பின்னால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தபடி நான், உன் ஒவ்வொரு திருப்பத்தையும் குறைசொல்லிக்கொண்டு. கூரையைக் கொஞ்சம் உயரமாகவே போட்டிருக்கிறேன். என்றைக்காவது கேப்டனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போக வேண்டும். அவர் கழுத்துக்கு நாம் பட்ட கடன். பெயர் 'ஆடு'.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்கு. கோப்பை ஜெயித்தவள் என்று சலுகை கிடையாது.

வரும்போது என் பேண்ட்டை மடித்துப் போட்டுக்கொண்டு வராதே. அந்த இரண்டு அங்குலத்தை அம்மாவிடம் கொடுத்து வெட்டித் தைத்துக்கொள். அது உன்னுடையதுதான்.

அண்ணன்
லயனல்